ஏட்டினின்று கூறு பிரிக்குங் கலை

நீண்டதோர் ஏட்டைக் கையிற்கொண்டு, அதனுள் வேண்டிய பகுதியை மட்டும் தனியே எடுத்தல் எளியதொரு செயலெனவே யாவரும் எண்ணுவர். பக்கத்தைப் புரட்டுகின்றோம், தலைப்பைக் காண்கின்றோம், அடுத்த தலைப்பு வருமளவும் படியெடுக்கின்றோம். ஆயின், அவ்வேடு பல்லாயிரம் வரியுடையதாய், பிரிக்க வேண்டிய பகுதிகளும் நூற்றுக்கு மேற்பட்டனவாய் இருப்பின், கண்ணுங் கையும் சோரும். சோர்வின்கண் பிழை புகும். சோர்வறியாத கணிப்பொறியினிடம் அவ்வேலையை ஒப்புவிக்கும் முறை ஒன்று உளது. அதனை ஆங்கிலேயர் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பர். யாம் ஈண்டு அதனை 'ஒழுங்குக் குறித்தொடர்' என்றும், சுருக்கமாகக் 'குறித்தொடர்' என்றும் வழங்குவோம். அதன் இயல்பையும், தமிழ் ஏடுகளில் அதனைக் கையாளுங்கால் நேரும் இடர்களையும், அவற்றுள் ஒன்றினால் எமக்கு வேப்பூரில் நேர்ந்த தலைகுனிவையும் இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றோம்.

"இது கணித மாணவர்க்கன்றோ உரியது? தமிழ் பயில்வார்க்கு இஃதெற்றுக்கு?" என நம் வகுப்பு நண்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயின், நூலைக் கூறுபடுத்தலும் அடைவு செய்தலும் தொன்றுதொட்டு இலக்கியம் பயில்வோர் தொழிலேயன்றிப் பிறிதன்று. 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் சதுரகராதி இயற்றியபோது, பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாகச் சொற்களை வகுத்து நிறுத்தினார். இத்தாலிய நாட்டு இயேசு சபைத் துறவியாகிய ரொபெர்த்தோ பூசா என்பார், தாமஸ் அக்வினாஸ் நூல்களிலுள்ள சொற்கள் அனைத்திற்கும் அடைவு காண விழைந்து, 1949-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவரை நேரிற் கண்டு துளையட்டைப் பொறிகளின் துணையை வேண்டினார். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் சொற்களைத் தழுவிய அவ்வடைவு, 1970-களில் அச்சேறத் தொடங்கி, 56 தொகுதிகளாக நிறைவெய்திற்று. இலக்கியத்தின்பால் கணிப்பொறியை முதற்கண் அழைத்து வந்தோருள் ஒருவர் கணிதப் புலவரல்லர். மெய்யியல் பயின்ற துறவியே என்பதை நண்பர்கள் கருத்திற் கொள்வாராக.

நம் தமிழிலும், 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகின் பல பகுதிகளிலும் உள்ள தமிழன்பர்கள் ஊதியம் கருதாது நூல்களைத் தட்டச்சிட்டும், பிழை திருத்தியும் அளித்தனர். அத்திட்டத்தின் பட்டியலில் முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். ஆதலின் இன்று தமிழ் மாணவன் ஒருவன் நூலகத்து அலமாரியில் மட்டுமன்றி, தன் கணிப்பொறியிலும் பெருநூல்கள் பலவற்றைக் கோப்பு வடிவிற் பெற்றுளான். பெற்றவற்றைப் பகுத்துப் பயன்கொள்ளும் வழியை அறிதலே எஞ்சியுளது.

குறித்தொடர் இன்னதென்பது

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை நேயர் அறிவர். பீங்கான் பொருள் செய்வோர், பாரிஸ் சாந்தினாலாகிய அச்சினுள் களிமண் குழம்பை வார்ப்பர். அச்சின் சுவர் நீரை உறிஞ்ச, குழம்பு அச்சின் வடிவையே தன் வடிவாகக் கொண்டு இறுகும். அச்சினுள் கிண்ணமும் இல்லை, குவளையும் இல்லை. கிண்ணம் இத்தகையது என்னும் வரையறை மட்டுமே உளது. குறித்தொடரும் அத்தகையதே. அது தேடப்படும் சொல்லன்று. தேடப்படுவது எவ்வடிவினது என்னும் வரையறை. ஒரு சொல்லைத் தேடினால் அச்சொல்லே கிடைக்கும். ஒரு வடிவைத் தேடினால் அவ்வடிவினவெல்லாம் கிடைக்கும்.

இதன் வரலாறு சுவையுடையது. ஸ்டீவன் கிளேனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், நரம்பணுக்களின் செயலைக் கணித முறையில் விளக்க முயன்று, 1951-ஆம் ஆண்டில் எழுதி 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இவ்வகைத் தொடர்களை வகுத்தார். அப்போது அது தாளில் எழுதும் கணிதமாகவே நின்றது. 1968-ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்துக் கென் தாம்ஸன், இத்தொடர்களைக் கொண்டு ஏட்டினுள் தேடும் வழியைக் கணிப்பொறிக்கு அமைத்து வெளியிட்டார். 1973-ஆம் ஆண்டில் அவர்தம் 'கிரெப்' என்னும் தேடுகருவி தோன்றிற்று. அதே காலத்தில் அவ்வாய்வகத்து லீ மக்மஹான் இயற்றிய 'செட்' என்னும் கருவி, ஓரெல்லை முதல் மற்றோரெல்லை வரையுள்ள வரிகளைப் பிரித்தெடுக்கவும் வழி செய்தது. நரம்பைப் பற்றிய ஆராய்ச்சி, நூலைப் பகுக்கும் கருவியாக முடிந்தது வியப்பன்றோ?

குறித்தொடரில் வரும் எழுத்துகள் பெரும்பாலும் தம்மையே குறிப்பன. சில குறிகள் மட்டும் தனியாற்றல் உடையன. அவற்றுள் இன்றியமையாதன சிலவற்றைக் கூறுவோம். '^' என்னும் கூரைக்குறி வரியின் தொடக்கத்தைக் காட்டும். '$' என்பது வரியின் இறுதியைக் காட்டும். '.' என்னும் புள்ளி ஏதேனும் ஒரு குறியீட்டைக் குறிக்கும். '*' என்னும் உடுக்குறி, தனக்கு முன் நின்றது எத்துணை முறை வரினும், ஒருமுறையும் வாராதொழியினும் ஏற்கும். '+' என்பது ஒருமுறையேனும் வரவேண்டும் எனக் கூறும். '[0-9]' என்னும் சதுர அடைப்பு, அதனுள் அடங்கியவற்றுள் யாதானும் ஒன்றைக் கொள்ளும். '|' என்னும் நெடுங்கோடு 'இதுவேனும் அதுவேனும்' எனப் பொருள்படும். '\' என்னும் சாய்கோடு தன் பின் நின்ற குறியின் தனியாற்றலை நீக்கி, அதனை வெறுங்குறியாக்கும்.

குறளிற் செய்த சோதனை

இக்கலையைப் பயிலுதற்கு யாம் தேர்ந்தது திருக்குறள். அதனை ஒரு கோப்பாக அமைத்து, ஒவ்வோர் அதிகாரத்தின் தலையிலும் 'அதிகாரம் 1. கடவுள் வாழ்த்து', 'அதிகாரம் 2. வான்சிறப்பு' என்றிவ்வாறு ஒரே வடிவிற் தலைப்பிட்டோம். நூல் முழுதும் 133 அதிகாரம். ஒவ்வோர் அதிகாரத்திற்கும் பத்துக் குறள். ஆகக் குறள் 1330. இக்கணக்கு நம் நாட்டுச் சிறுவரும் அறிந்தது. இஃது எமக்கு எத்துணைப் பெருந்துணையாயிற்று என்பது பின்னர் விளங்கும்.

முதலில் நான்காம் அதிகாரமாகிய அறன் வலியுறுத்தலை எடுக்க எண்ணி, 'அதிகாரம் 4.' என எழுதித் தேடினோம். பொறி ஒரு தலைப்பைக் காட்டாது பதினொன்றைக் காட்டிற்று. என்னை? எனின், புள்ளி ஏதேனும் ஒரு குறியீட்டைக் குறிப்பதாதலின், '4' என்பதன் பின் '0' வரினும் '9' வரினும் ஏற்றுக்கொண்டது. நான்காம் அதிகாரமும், 40 முதல் 49 வரையுள்ள பத்து அதிகாரங்களும் கூடிப் பதினொன்றாயின. '^அதிகாரம் 4\.' எனச் சாய்கோடிட்ட பின்னரே ஒன்று கிடைத்தது. யாம் மனத்திற் கருதியதனைப் பொறி அறியாது; எழுதியதனை மட்டுமே அது அறியும்.

அடுத்து, கல்வி என்னும் அதிகாரத்தைச் 'செட்' கருவியால் எடுத்தோம். தொடக்க எல்லை ஒன்றும் இறுதி எல்லை ஒன்றும் காற்புள்ளியிட்டுக் கூறினால், அவ்விரண்டற்கும் இடைப்பட்ட வரிகளை அக்கருவி தரும். '/^அதிகாரம் 40\./,/^அதிகாரம் 41\./' என்றோம். பத்துக் குறளும் வந்தன. உடன், கல்லாமை என்னும் அடுத்த தலைப்பும் ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லைக் கல்லும் நிலத்தோடு சேர்த்து அளக்கப்படும் என்பதே அக்கருவியின் விதி.

எண்ணை விடுத்துப் பெயரால் எல்லை கூறின் என்னாகும்? குறிப்பறிதல் என்னும் பெயர் குறளில் இருமுறை வருகின்றது. பொருட்பாலில் 71-ஆம் அதிகாரம் ஒன்று, காமத்துப்பாலில் 110-ஆம் அதிகாரம் மற்றொன்று. யாம் குறிப்பறிதல் தொடங்கி, 72-ஆம் தலைப்பு வரையெனக் கூறினோம். பொறி முதற் குறிப்பறிதலைச் செவ்வனே முடித்தது. பின் 110-ஆம் அதிகாரத்தில் அப்பெயரை மீண்டும் கண்டு வாயிலைத் திறந்தது. மூடுதற்குரிய 72-ஆம் தலைப்போ அதன்பின் யாண்டும் இல்லை. ஆதலின் நூலின் இறுதிவரை இருபத்துநான்கு அதிகாரங்களை வாரி வழங்கிற்று. நூலை அறியாதான் கையிற் கருவி இருந்து பயனின்மை இதனால் விளங்கும்.

நிற்க. ஒவ்வோர் அதிகாரமாக எடுத்தல் விடுத்து, 133 அதிகாரங்களையும் ஒரே தொடராற் பிரிக்க முயன்றதே யாம் செய்த பெருஞ்சோதனை. ஒரு தலைப்பில் தொடங்கி அடுத்த தலைப்பில் முடிவது ஓர் அதிகாரம் என்னும் கருத்தால், '^அதிகாரம்.*அதிகாரம்' என எழுதினோம். விடை: சுழி. ஒன்றேனும் கிடைத்திலது. புள்ளி இயல்பாக வரிமுடிவைத் தாண்டாது என்பதே காரணம். ஒரே வரியில் இரு தலைப்பு யாண்டும் இல்லையன்றோ?

புள்ளி வரியைத் தாண்டவும் விடைகொடுத்தோம். விடை: ஒன்று. முதல் அதிகாரத்தின் தலைப்பில் தொடங்கி, 133-ஆம் அதிகாரத்தின் தலைப்பு வரை ஒரே கூறாக விழுங்கப்பட்டிருந்தது. உடுக்குறி கொள்ளக்கூடுமளவும் கொள்ளும் இயல்பினது. ஆங்கிலேயர் இதனைப் பேராசை எனவே பெயரிட்டனர். அதன் பின் ஒரு வினாக்குறி சேர்த்து '.*?' என எழுதின், கூடியமட்டும் குறைவாகக் கொள்ளும். எம் நண்பர் ஒருவர் இவ்வினாக்குறிக்கு 'அவா அறுத்தல்' எனப் பெயர் சூட்டினார். வகுப்பில் அப்பெயரே நிலைத்துவிட்டது.

அவா அறுத்தபின் கிடைத்தவை அறுபத்தாறு. பாதியும் நிரம்பவில்லை. ஆராய்ந்தபோது ஒற்றைப்படை அதிகாரங்கள் மட்டுமே கிடைத்திருக்கக் கண்டோம். முதல் அதிகாரம் முடிந்தது என்பதற்குச் சான்றாக இரண்டாம் அதிகாரத்தின் தலைப்பைப் பொறி தின்றுவிட்டது. தின்றதனை மீளக் காணாது. ஆதலின் அடுத்து அது கண்ட தலைப்பு மூன்றாவது. இங்ஙனம் இரண்டிரண்டாகத் தின்று சென்று, 131-ஆவது வரை அறுபத்தாறு கூறுகளைத் தந்தது. இதற்கு மருந்து, எல்லையைத் தின்னாது எட்டிப் பார்த்து நிற்றல். '(?=அதிகாரம்)' என எழுதின், அத்தலைப்பு முன்னே உளதா எனப் பொறி நோக்கும்; நோக்கியபின் அதனை அடுத்த கூற்றிற்கே விட்டுவிடும். பழைய செட் முதலியவற்றில் இவ்வசதி இல்லை. பெர்ல், பைத்தான் முதலிய பின்னாளைய மொழிகளில் உளது.

இப்போது கிடைத்தவை 132. காணாமற் போனது யாது? கடைசி அதிகாரமாகிய ஊடலுவகை. அதற்குப் பின் வேறு தலைப்பு இல்லாமையின், எட்டிப் பார்த்தற்கு எல்லையும் இல்லை. 'அடுத்த தலைப்பேனும், கோப்பின் முடிவேனும்' என நெடுங்கோடிட்டு விரித்தபின், 133-உம் நிரம்பக் கிடைத்தன.

சுழி, ஒன்று, அறுபத்தாறு, நூற்றுமுப்பத்திரண்டு, நூற்றுமுப்பத்துமூன்று என்னும் இவ்வைந்து விடைகளையும் நேயர் மீண்டும் நோக்குவாராக. இவற்றுள் ஒன்றிலேனும் பொறி பிழையெனக் கூறவில்லை. 66 தந்தபோதும், 132 தந்தபோதும், வேலை முடிந்தது என்றே நின்றது. சல்லடையில் மாவைச் சலித்தால் கப்பி மேலே தங்கிக் கண்ணுக்குத் தெரியும். குறித்தொடர் என்னும் சல்லடையோ தான் எடுத்ததனை மட்டும் காட்டும், விடுத்ததனைக் காட்டாது. குறள் 133 அதிகாரம் உடையது என்பதை முன்னரே அறிந்திருந்தமையாலன்றோ பிழை வெளிப்பட்டது!

தமிழெழுத்தின் தனியியல்பு

மேற்கூறியன எம்மொழிக்கும் பொதுவாவன. தமிழுக்கே உரிய இடர்கள் வேறு உள. கணிப்பொறி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்ளாது, எண்ணாக வைத்துக்கொள்ளும். உலகத்து மொழிகளின் எழுத்துகட்கெல்லாம் எண் வகுத்த ஒருங்குறி முறையில், 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. அம்முறையில் நம் 247 எழுத்துகட்கும் தனித்தனி எண் இல்லை. உயிருக்கு ஓரெண், அகரமேறிய மெய்க்கு ஓரெண், துணைக்கால், கொம்பு, புள்ளி முதலியவற்றிற்குத் தனித்தனி எண். 'க்' என்பது நமக்கு ஓரெழுத்து. பொறிக்குக் ககரமும் புள்ளியுமாகிய இரண்டு. மெய் முதலாவது, உயிர் ஏறுவது அதன்பின் என்பது நம் இலக்கணம். அகரமேறியது முதலாவது, அகரத்தைப் போக்குவது புள்ளி என்பது பொறியின் இலக்கணம்.

இதனால் விளைவது யாது? 'நட்ப' எனத் தேடின், நட்பு, நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என்னும் நான்கு தலைப்புகளும் கிடைக்கும். பகரத்தின் பின் உகரக் குறி நின்றாலும், துணைக்கால் நின்றாலும், பகரம் ஆண்டு உளதெனப் பொறி கருதும். 'நட்பு' எனத் தேடின் மூன்று கிடைக்கும். '\. நட்பு$' எனத் தலைப்பெண்ணின் புள்ளியையும் வரியின் இறுதியையும் சேர்த்துக் கட்டினாலே, 79-ஆம் அதிகாரம் ஒன்று மட்டும் கிடைக்கும்.

புணர்ச்சியும் ஒரு தடையாகும். உடைமை என முடியும் அதிகாரங்களைத் தொகுக்க விரும்பி, 'உடைமை' எனத் தேடினோம். ஒன்றேனும் அகப்படவில்லை. அன்புடைமை, அடக்கமுடைமை, அருளுடைமை முதலியவற்றில் உகரம் நிலைமொழியோடு கலந்து குறியாகிவிட்டது. தனியுகரமாக யாண்டும் நிற்கவில்லை. 'டைமை$' எனத் தேடியபோது பத்து அதிகாரங்கள் கிடைத்தன. நன்னூலிற் புணரியலைப் படிக்குங்கால் "இதனாற் பயன் என்னை?" என வினவும் நண்பர்க்கு இஃதொரு விடை.

இவ்விரண்டினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. 'கொ' என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், அச்சிலும் அவ்வாறே. பொறிக்கோ அவை வேறு வேறு. கொல்லாமை என்னும் தலைப்பு ஏட்டில் ஒருவகையாகவும், நாம் தேடுவது மற்றொருவகையாகவும் அமையின், அவ்வதிகாரம் கண்முன்னே இருந்தும் இல்லாததாகும். தேடுவதன்முன் ஏடு முழுவதையும் ஒரே வகையாக்கிக்கொள்ளல் இதற்கு மருந்து. ஒருங்குறி முறையிலேயே அதற்கு விதிகள் உள. பைத்தான் முதலிய மொழிகளில் அதனைச் செய்யும் கருவியும் உளது.

வேப்பூர்ப் பாட்டேடு

இனி யாம் வேப்பூரிற் பட்டதனைக் கூறுவோம். வேப்பூர் விருத்தாசலத்திற்கு மேற்கே, சென்னையினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். கடந்த மார்கழி விடுமுறையில், யாமும் உடன்பயிலும் நண்பர் மூவரும் அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தங்கி, முதிய பெண்டிர் இருபத்துமூவர் பாடிய தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைக் கேட்டெழுதினோம். ஒவ்வொருவரிடமும் பாடல் பெற்ற அன்றே, அவர் பெயரையும் தெருவையும் ஒரு சிறு குறிப்பேட்டில் மையால் எழுதி வைத்தோம். பாடல்களையோ கைப்பேசியிலும் கணிப்பொறியிலுமாக நால்வரும் தட்டச்சிட்டு, ஈற்றில் ஒரே கோப்பாகச் சேர்த்தோம். ஒவ்வொருவர் பாடலின் தலையிலும் 'பாடியவர்:' என்று தொடங்கி அவர் பெயர் நிற்கும்.

அவரவர் பாடலைத் தனித்தனிச் சிறு புத்தகமாக்கி, அவரவர் வீட்டிற் கொடுப்போம் என அப்பெண்டிர்க்கு வாக்களித்திருந்தோம். தம் பெயரை அச்சிற் கண்டிராத அவர்க்கு நாம் தரக்கூடிய கைம்மாறு அஃதொன்றே. குறளிற் பயின்ற கலை கைவசம் இருந்தமையால், '^பாடியவர்:' என எல்லை வகுத்து, ஒரு நொடியிற் பிரித்தோம். எட்டிப் பார்க்கும் குறியும் இட்டோம். கோப்பின் முடிவையும் மறந்தோமில்லை. பிரித்த கூறுகளின் வரிகளையெல்லாம் கூட்டி, மூலக் கோப்பின் வரித்தொகையோடு ஒப்பிட்டோம். ஒரு வரியும் குறையவில்லை. செவ்வனே முடிந்தது என மகிழ்ந்து, அச்சிட்டுத் தைத்து, பங்குனியில் வேப்பூர் சென்றோம்.

ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர், பள்ளியிற் பயிலும் தம் பேரனை அழைத்துப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். கண்ணை மூடித் தலையசைத்துக் கேட்டிருந்தவர், பின்பாதிக்கு வந்ததும் கையமர்த்தி நிறுத்தினார். "இது நான் பாடுனது இல்ல தம்பி. எங்க ஓரகத்தி பாடுனது. அவ பாட்ட எம்பேருல போட்டுட்டீங்களே" என்றார். "இல்லை ஆயா, கோப்பிற் பார்த்துத்தான் எடுத்தோம்" என்று யாம் கூறத் தொடங்கி, சொல் முடியாமுன்னே நிறுத்திக்கொண்டோம். அவர் கூறிய ஓரகத்தியார் அவ்வாண்டு மாசியிற் காலமாகியிருந்தார். அவர் பெயரில் ஒரு புத்தகமும் எம் பையில் இல்லை.

அன்றிரவு கோப்பைத் திறந்து நோக்கினோம். அவ்வம்மையார் பெயர் நின்ற வரியில், 'பாடியவர்' என்பதன் முன் ஒரே ஓர் இடைவெளி இருந்தது. கைப்பேசியில் தட்டச்சிட்ட யாமே அதனை அறியாது இட்டிருந்தோம். கூரைக்குறி வரியின் தொடக்கத்தையன்றி வேறெதனையும் ஏலாது. தொடக்கத்தில் நின்றது வெற்றிடம். ஆதலின் அத்தலைப்பு தலைப்பாகவே கொள்ளப்படவில்லை. அவர் பாடல்கள் யாவும் முன்னவர் பாடலின் வாலாக ஒட்டிக்கொண்டன. புத்தகத்தில் அழகு கருதித் தலைப்பு வரிகளை நீக்கிவிடும் மற்றொரு தொடரையும் இயக்கியிருந்தோம். அத்தொடர் இடைவெளிக்கு இடந்தந்தமையால், அவர் பெயர் நின்ற வரியும் அச்சில் மறைந்தது. பெயர் போயிற்று, பாட்டு மட்டும் பிறர் பெயரில் நின்றது.

வரித்தொகை ஒத்திருந்ததே என நேயர் வினவலாம். ஒத்திருந்தது மெய், ஒரு வரியும் தொலையவில்லை, உரியவரிடம் சேரவில்லை, அவ்வளவே. கூறுகளைக் கூட்டினால் முழுமை வரும் என்பது, கூறுகள் சரியாகப் பிரிந்தன என்பதற்குச் சான்றாகாது. கூறுகளை எண்ணியிருந்தால் இருபத்திரண்டு எனத் தெரிந்திருக்கும். ஆயின் அவ்வெண் பிழையென்பதைக் கோப்பினுட் பார்த்து அறிதல் இயலாது; கோப்பிலும் பொறி கண்ட தலைப்புகள் இருபத்திரண்டே. இருபத்துமூன்று என்னும் எண், மையால் எழுதிய குறிப்பேட்டில் இருந்தது. அக்குறிப்பேடு எம் பெட்டியினடியிற் கிடந்தது.

யாம் இதனாற் கற்றது இதுவே: ஏட்டைப் பிரிக்குமுன், எத்துணைக் கூறு வரவேண்டும் என்பதை அவ்வேட்டிற்குப் புறத்தேயுள்ள சான்றினால் அறிந்திருத்தல் வேண்டும். குறளுக்கு அச்சான்றை நம் முன்னோர் வைத்துச் சென்றனர்; 133 என்பதை யாவரும் அறிவர். பெயர் தெரியாத பாட்டுக்காரிக்கு அச்சான்றை வைக்கவேண்டியவர் பாடலை எழுதிக்கொண்ட நாமே. நூறு ஆட்டில் ஒன்று தப்பியதை மேய்ப்பன் எவ்வாறு அறிந்தான்? நூறு என்று முன்னரே எண்ணி வைத்திருந்தமையாலன்றோ? எண்ணாத மேய்ப்பனுக்குத் தொண்ணூற்றொன்பதும் நிறைந்த மந்தையே.

இக்கலையைக் கைக்கொள்ள விரும்பும் நண்பர்க்கு யாம் கண்ட முறையைச் சுருக்கிக் கூறுவோம். முதற்கண், ஏட்டிலுள்ள எழுத்துகளை ஒரே வகைக் குறியீட்டிற்குக் கொணர்க. இரண்டாவது, வர வேண்டிய கூறுகளின் தொகையையும் பெயர்களையும் புறச்சான்றினின்று தாளில் எழுதி வைக்க. மூன்றாவது, எல்லையை வகுக்குங்கால் வரியின் தொடக்கத்தில் இடைவெளி இருப்பினும் ஏற்குமாறு, கூரைக்குறிக்கும் சொல்லுக்கும் இடையே ஓர் இடைவெளியும் உடுக்குறியும் இட்டு, '^ *பாடியவர்' என எழுதுக. நான்காவது, பிரித்தபின் கூறுகளை எண்ணி, தாளிலுள்ள பெயரோடு ஒவ்வொன்றாக ஒப்புநோக்குக. ஐந்தாவது, ஏனையவற்றினும் மிக நீண்டும் மிகக் குறுகியும் உள்ள கூறுகளைக் கண்ணாற் படிக்க. இரண்டு கூறு ஒட்டியிருப்பின் நீளமே காட்டிக்கொடுக்கும். இவ்வைந்தும் செய்தற்கு அரை மணி நேரம் போதும். அவ்வரை மணி நேரத்தை யாம் மிச்சம் பிடித்ததே எம் குற்றம்.

திருத்திய புத்தகங்களைச் சித்திரையிற் கொண்டுசென்றோம். காலமான அம்மையாரின் புத்தகத்தை அவர் மகன் கையிற் பெற்று, முதற்பக்கத்திலுள்ள தாயின் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்; ஒன்றும் கூறவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டியார் தம் புதுப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, "இப்பத்தான் எம்புத்தகம் எம்புத்தகமா இருக்குது" என்றார். முன்னதைவிட அது மெலிந்திருந்தது. அவர் அதனைக் குறையாகக் கருதவில்லை.